7-வுட்டா, ஹைப்ரிட்டா?

கோல்ஃப் ஆடுகிறீர்கள். குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு இன்னும் 170 யார்டு. பந்து ஃபேர்வேயில், அதாவது கிரீனை நோக்கிப் போகும் வெட்டிய புல்பாதையில், நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. 4-அயர்ன் என்ற மெல்லிய தலையுள்ள கிளப்பை (மட்டையை) எடுத்தால் பந்து தாழப் பறந்து போய், கிரீனில் விழுந்தாலும் நிற்காமல் பின்னால் ஓடிவிடுகிறது. பருத்த தலையுள்ள 3-வுட்டை எடுத்தால் தூரம் தேவைக்கு மேல் போகிறது. கோல்ஃபில் புதிதாக இறங்கியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நீள அயர்ன்களைப் பையிலிருந்து எடுத்துவிட முடிவு செய்வது எளிது. காலியான இடத்தில் எதை வைப்பது? லாஃப்ட் (பந்தைத் தொடும் முகத்தின் சாய்வு) கூடிய ஃபேர்வே வுட்டா, அதாவது 7-வுட், 9-வுட் போன்றதா? இல்லை, ஹைப்ரிட்டா? விதிப்படி ஒரு ரவுண்டில் 14 கிளப்புக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. அதனால் இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுவது கடினம்.

முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபேர்வே வுட்டின் தலை முன்னிருந்து பின்னோக்கி நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சின்ன டிரைவர் (தொலைதூர முதல் அடிக்கான பெரிய தலைக் கிளப்) மாதிரி தெரியும். ஹைப்ரிட்டின் தலை பாதி வுட், பாதி அயர்ன். முகம் அயர்னை நினைவூட்டும், பின்பக்கம் கொஞ்சமாகப் பருத்திருக்கும். 7-வுட்டின் லாஃப்ட் சுமார் 21 டிகிரி, 9-வுட்டுக்கு 24. ஹைப்ரிட்டில் 3-ம் எண்ணுக்கு 19 டிகிரி, 4-ம் எண்ணுக்கு 22, 5-ம் எண்ணுக்கு 25 என்று சுமாராக வைத்துக்கொள்ளலாம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் ஓரிரு டிகிரி மாறும். ஆகவே எண்ணை நம்பாமல், தலையின் அடியிலோ கழுத்திலோ பொறித்திருக்கும் டிகிரியைப் பாருங்கள்.

ஷாஃப்ட்டின், அதாவது கம்பின், நீளத்தில்தான் பெரிய வேறுபாடு. 7-வுட் ஏறத்தாழ 42 அங்குலம். அதே லாஃப்ட் உள்ள ஹைப்ரிட் 40 அங்குலத்தை ஒட்டி நிற்கும். 4-அயர்ன் 38.5 அங்குலம். இந்த இரண்டு அங்குல வித்தியாசம் சாதாரணமாகத் தெரியும். ஆனால் பந்திலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள், கிளப் எவ்வளவு சாய்வாக இறங்குகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்ற மூன்றையுமே மாற்றுவது அதுதான்.

எடை எங்கே இருக்கிறது?

பந்து ஏன் மேலே எழும்புகிறது என்பது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். ஃபேர்வே வுட்டின் தலை நீளமாக இருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் முகத்திலிருந்து நன்றாகப் பின்னால், தரையை ஒட்டித் தாழ்ந்து இருக்கும். ஸ்விங்கின் (கிளப்பை வீசும் வீச்சின்) அடிப்பகுதியில் கிளப் வேகமெடுக்கும்போது, பின்னால் உள்ள அந்த எடை ஷாஃப்ட்டின் கோட்டுக்கு வரப் பார்க்கும். அதனால் ஷாஃப்ட்டின் கீழ்முனை முன்னோக்கி வளையும்; முகம் இன்னும் சற்று மேல்நோக்கித் திரும்பும். 21 டிகிரி என்று பொறித்திருந்தாலும் பந்தைத் தொடும் நொடியில் அதைவிடக் கூடுதல் லாஃப்ட் கிடைக்கும். பந்து உயரப் போகும், பின்சுழற்சியும் கூடும்.

ஹைப்ரிட்டில் எடை முகத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. அந்தக் கூடுதல் லாஃப்ட் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் பந்து வுட்டைவிடச் சற்றுத் தாழ்ந்த பாதையில், உறுதியாக முன்னேறும். அயர்னோடு ஒப்பிட்டால் ஹைப்ரிட்டும் உயரம்தான். 7-வுட்டோடு ஒப்பிடும்போதுதான் அது தாழ்வு.

இன்னொரு விஷயத்தை நெருங்கிப் பார்ப்போம். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆகவே அதன் நடு தரையிலிருந்து சுமார் 21 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. புல் ஒட்ட வெட்டிய தரையில் பந்து இருக்க, 21 டிகிரி சாய்ந்த முகம் தரையை உரசி வந்தால், அது பந்தைத் தொடும் இடம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர். 15 டிகிரி 3-வுட்டில் அது 16 மில்லிமீட்டர். லாஃப்ட் கூடக் கூடப் பந்தின் இன்னும் கீழ்ப்பகுதியைத் தொடுகிறோம். ஆக, பந்தைத் தூக்கிவிட நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. முகத்தின் சாய்வே தூக்கும். 3-வுட்டைத் தரையிலிருந்து அடிக்கத் திணறுபவர்கள்கூட 7-வுட்டைச் சுலபமாக அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீளம் குறைவு என்பது மற்றொன்று.

ஆனால் அந்த 14 மில்லிமீட்டரில்தான் ஆபத்தும் இருக்கிறது. உடலை உயர்த்தி, பந்தை வாரித் தூக்க முயன்றால் கிளப் கொஞ்சம் மேலே வந்துவிடும். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வந்தாலே போதும், முகம் தொட வேண்டிய இடத்தில் கீழ்விளிம்பு தொடும். பந்து தரையோடு உருண்டு போகும். "பந்தின் தலையில் அடித்துவிட்டேன்" என்று சொல்லும் அடிகளில் முக்கால்வாசி இப்படி வந்தவைதான்.

எங்கே விழுகிறது என்பதைவிட, எப்படி விழுகிறது

இரண்டு கிளப்பையும் ஒப்பிடும்போது எல்லோரும் தூரத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது பந்து இறங்கும் கோணம். கிரீனில் பந்து நிற்க வேண்டுமானால் சுமார் 45 டிகிரி கோணத்தில் இறங்குவது நல்லது என்பது கிளப் பொருத்தித் தருபவர்கள் கையாளும் பொது அளவுகோல். 40-க்குக் கீழே போனால், போதிய பின்சுழற்சியும் இல்லையென்றால், கிரீனின் முன்பகுதியில் விழுந்த பந்துகூடப் பின்னால் போய்விடும்.

இங்கே 7-வுட்டுக்குத்தான் மேல் கை. ஸ்விங் வேகம் குறையக் குறைய அதன் அனுகூலம் கூடும். வேகமாக அடிப்பவர்கள் எந்தக் கிளப்பாலும் பந்தை உயரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அவர்களுக்கு ஹைப்ரிட்டும் செங்குத்தாகவே இறங்கும். டிரைவர் வேகம் மணிக்கு 85 மைலைச் சுற்றி இருப்பவருக்கு நிலைமை வேறு. அவர் கையில் 4-ஹைப்ரிட்டின் பந்து தட்டையாக இறங்கி ஓடும். அதே ஆளிடம் 7-வுட் கொடுத்தால் பந்து மேலே போய் மெத்தென்று விழும். பெண்கள் தொழில்முறை ஆட்டத்தில் 7-வுட் நெடுங்காலமாகச் சாதாரணக் கிளப். ஆண்கள் அதை ஏதோ பலவீனத்தின் அடையாளம்போல ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2020 நவம்பரில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியை அமெரிக்காவின் டஸ்டின் ஜான்சன் 268 அடிகளில் முடித்து வென்றபோது அவருடைய பையில் 7-வுட் இருந்தது. பந்தை மிகத் தூரம் அடிப்பவர்களில் ஒருவரே அதை வைத்திருக்கும்போது, தொடக்க ஆட்டக்காரர் தயங்க எதுவும் இல்லை.

ஹைப்ரிட் சளைத்தது என்று இதற்குப் பொருளல்ல. 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில், ஹேசல்டைன் மைதானத்தின் கடைசிக் குழியில், தென்கொரியாவின் ஒய்.ஈ. யாங் 200 யார்டுக்குச் சற்று மேலான தூரத்திலிருந்து ஹைப்ரிட்டால் மரத்துக்கு மேலாக அடித்துக் கொடிக்குச் சில அடி தூரத்தில் நிறுத்தினார். அந்தக் குழியில் பேர்டி (நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவு) எடுத்து டைகர் உட்ஸை வீழ்த்தினார். சரியான ஸ்விங்குக்குச் சரியான ஹைப்ரிட் அமைந்தால் அதுவும் கிரீனில் நிற்கும்.

எண்ணை எண்ணோடு ஒப்பிடாதீர்கள்

21 டிகிரி 7-வுட்டையும் 21 டிகிரி ஹைப்ரிட்டையும் அடித்துப் பார்த்து, "வுட் தூரம் போகிறது, அதுவே நல்லது" என்று முடிவு கட்டுவது தவறு. ஷாஃப்ட் இரண்டு அங்குலம் நீளம், தலையும் பெரிது. தூரம் போகத்தான் செய்யும். பலருக்கு 5 முதல் 10 யார்டுவரை கூடும். ஆனால் உங்கள் பையில் காலியாக இருப்பது ஒரு தூரம்தான், லாஃப்ட் அல்ல. ஒரே தூரம் பறக்கும் இரண்டு கிளப்பை எடுத்து ஒப்பிட வேண்டும். நடைமுறையில் 7-வுட்டுக்கு இணை 3-ஹைப்ரிட். 9-வுட்டுக்கு இணை 4-ஹைப்ரிட். அப்படி வைத்து அடித்தால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும்: தூரம் ஒன்று, உயரமும் இறக்கமும் பக்கவாட்டுச் சிதறலும் வேறு.

உங்கள் ஸ்விங் எந்தப் பக்கம்?

இனிச் சொல்வதெல்லாம் வலக்கைக்காரருக்கு, இடக்கைக்காரர் திருப்பிக்கொள்ளவும்.

அயர்ன் அடித்தபின் தரையைப் பாருங்கள். பந்து இருந்த இடத்துக்கு முன்னால் புல்லும் மண்ணும் செதுக்கிப் போயிருந்தால் நீங்கள் மேலிருந்து கீழ்நோக்கி அடிப்பவர். ஹைப்ரிட் அந்த அடிக்காகவே செய்யப்பட்டது. பந்தை முதலில் தொட்டு, பிறகு புல்லை மெலிதாகச் சீவும் அடி அதற்குப் பிடிக்கும். தரையில் செதுக்கலே இல்லாமல் புல்லைத் துடைத்துக்கொண்டு போகிறது, 3-வுட், 5-வுட் எல்லாம் உங்களுக்கு நன்றாக வருகிறது என்றால் லாஃப்ட் கூடிய வுட்டே இயல்பாகப் பொருந்தும். அகன்ற அடிப்பாகம் புல்லின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பந்துக்கு ஒரு விரற்கடை பின்னால் பட்டால்கூட ஓரளவு மன்னிக்கும்.

பந்து வைக்கும் இடமும் மாறும். 7-வுட்டுக்கு இடது குதிகாலிலிருந்து இரண்டு பந்தகலம் உள்ளே. ஹைப்ரிட்டுக்கு இன்னும் ஒரு பந்து உள்ளே, நீள அயர்னுக்கு வைப்பதுபோல. ஹைப்ரிட்டை வுட்போல நினைத்துப் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கிளப் தரையைத் தொட்டு எழும்பும் கட்டத்தில் பந்தைச் சந்திக்கும். பந்து மெலிதாகப் படும், அல்லது முகம் மூடிக்கொண்டு இடப்பக்கம் இழுக்கும்.

இடப்பக்கம் என்றதும் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு. ஹைப்ரிட் சிலருக்கு ஓயாமல் இடப்பக்கமே போகும். எடை முகத்துக்கும் ஹீலுக்கும் (தலையில் ஷாஃப்ட் சேரும் பக்கம்) அருகில் இருப்பதால் முகம் சட்டென்று மூடிக்கொள்ளும். ஷாஃப்ட் குட்டையாக, நிமிர்ந்து நிற்பதால் லாஃப்ட் உள்ள முகம் இடப்பக்கம் நோக்கும். பல மாடல்களில் முகம் ஷாஃப்ட்டுக்குச் சற்றுப் பின்தள்ளியும் இருக்கும். பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து போகும் தொடக்கக்காரருக்கு இவை எல்லாமே வரம். ஸ்லைஸ் எனப்படும் அந்த வளைவை ஹைப்ரிட் பாதி சரிசெய்துவிடும். ஏற்கெனவே ஹூக், அதாவது இடப்பக்கம் வளையும் அடி, அடிப்பவருக்கோ அதுவே வினை. அவர் 7-வுட்டுக்குப் போவது நல்லது. நீங்கள் தவறவிடும் அடி எந்தப் பக்கம் போகிறது என்ற ஒரே கேள்வி பாதித் தேர்வை முடித்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

பந்து கிடக்கும் இடம்

நல்ல ஃபேர்வேயில் இரண்டும் சரி. ரஃபில், அதாவது ஃபேர்வேக்கு வெளியே நீண்டு வளர்ந்த புல்லில், பந்து பாதி புதைந்து கிடந்தால் ஹைப்ரிட். தலை சிறியது, கனமானது. ஷாஃப்ட் குட்டையாக இருப்பதால் கிளப் செங்குத்தாக இறங்கும். பந்துக்குப் பின்னால் உள்ள புல் குறைவாகவே குறுக்கே வரும். நீண்ட தலையுள்ள வுட் அதிகப் புல்லை இழுத்துக்கொண்டு வரும், வேகம் அங்கேயே செத்துவிடும். பந்து முழுதாகப் புதைந்துவிட்டால் இரண்டும் வேண்டாம். ஒரு 8-அயர்னோ, சாய்வு மிகுந்த வெட்ஜோ எடுத்து வெளியே வாருங்கள். மாறாக, ரஃபின் மேல் பந்து மிதந்துகொண்டிருந்தால் 7-வுட் அருமை. அப்போது கிளப்பைத் தரையில் அழுத்தி வைக்காமல் சற்று மேலே பிடியுங்கள். இல்லாவிட்டால் முகத்தின் மேல்விளிம்பில் பட்டு, பந்து நேரே வானத்துக்குப் போய்ப் பாதி தூரத்தில் விழும்.

வெறுந்தரை, காய்ந்து இறுகிய மண் என்றால் வுட்டின் அகன்ற அடிப்பாகம் துள்ளும், ஹைப்ரிட் பாதுகாப்பு. ஃபேர்வே பங்கரிலும் (மணற்குழியிலும்) அப்படியே, முன்விளிம்பு உயரமாக இல்லாதவரை. உயரமாக இருந்தால் லாஃப்ட் போதாது, அயர்னுக்குப் போங்கள்.

எதிர்காற்று அடிக்கும் மைதானத்தில் 7-வுட்டின் உயரமே அதற்கு எதிரி. பந்து மேலே போய் நின்று, முன்னேறாமல் விழும். காற்று வாடிக்கையான இடத்தில் ஆடுபவர்களுக்கு ஹைப்ரிட்டின் தாழ்ந்த பாதை நிறைய அடிகளை மிச்சப்படுத்தும்.

ஹைப்ரிட்டுக்கு இன்னொரு வேலையும் தெரியும். கிரீனின் ஓரத்தில், ஐந்தாறு யார்டு தள்ளிக் கிடக்கும் பந்தை அதைக் கொண்டு பட்டர்போல (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) தள்ளி உருட்டலாம். பட்டரைப் பிடிப்பதுபோலப் பிடித்து, பிடியில் இரண்டு அங்குலம் கீழே இறங்கி, மணிக்கட்டை அசைக்காமல் தள்ள வேண்டும். முதலில் சின்னத் தாவல், பிறகு உருட்டல். 2004 ஓப்பன் சாம்பியன்ஷிப்பில், ராயல் ட்ரூனில், டாட் ஹாமில்டன் எர்னி எல்ஸை வென்ற பிளேஆஃபின் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தின்) கடைசிக் குழியில் இதே அடியைத்தான் ஆடினார். 7-வுட்டாலும் இதைச் செய்யலாம். நீளம் கொஞ்சம் இடையூறு.

அடித்துப் பார்க்கும் முறை

புல்தரையில் சோதியுங்கள். பயிற்சித் திடலின் மேட் (செயற்கைப் புல்விரிப்பு) பொய் சொல்லும்: பந்துக்குப் பின்னால் தரையில் பட்ட கிளப் விரிப்பில் வழுக்கிப் பந்தைச் சேர்ந்துவிடும், மைதானத்தில் அதே அடி மண்ணில் புதையும். ஒரே வகைப் பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளப்பில் தொடர்ந்து பதினைந்து அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கை பழகிவிடும், இரண்டாவது கிளப்புக்கு அநியாயமாகச் சாதகமாகும். மூன்று பந்து இதில், மூன்று பந்து அதில் என்று மாற்றி மாற்றி ஐந்து சுற்று அடியுங்கள்.

ஒவ்வொரு பந்தின் பின்புறத்திலும் ஒயிட்போர்டு மார்க்கரால் தடிமனாக ஒரு புள்ளி வைத்து, புள்ளி கிளப்பைப் பார்க்க வையுங்கள். அடித்ததும் முகத்தில் அச்சு விழும். பதினைந்து அச்சும் ஒரு நாணய அளவுக்குள் கூடினால் அந்தக் கிளப்பின் நீளம் உங்களுக்குப் பொருந்துகிறது. முகம் முழுக்கச் சிதறியிருந்தால், அது எவ்வளவு தூரம் அடித்தாலும் வேண்டாம். அளக்கும் கருவி இருந்தால் காற்றில் பறந்த தூரம், இறங்கிய கோணம், பின்சுழற்சி மூன்றையும் குறியுங்கள். மோசமான அடிகளைக் கழித்துவிடாதீர்கள்; மைதானத்தில் அவற்றைக் கழிக்க யாரும் விடமாட்டார்கள். சராசரித் தூரத்தைவிட, மிக நீளமான அடிக்கும் மிகக் குட்டையான அடிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எந்தக் கிளப்பில் அது சிறியதோ அதற்கு என் ஓட்டு.

வாங்கியபின் செய்யும் பிழைகள்

ஷாஃப்ட் எடைதான் முதல் பிழை. அயர்ன்களில் 100 கிராமுக்கு மேலான எஃகு ஷாஃப்ட் வைத்துக்கொண்டு, ஹைப்ரிட்டில் 55 கிராம் கிராஃபைட் போட்டால் கை முந்திக்கொள்ளும். பந்து இடப்பக்கம் போகும். எடை படிப்படியாக இறங்க வேண்டும்: அயர்ன் கனம், ஹைப்ரிட் அதைவிடச் சற்றுக் குறைவு, வுட் இன்னும் குறைவு. வுட்டிலிருந்து கழற்றிய ஷாஃப்ட்டை ஹைப்ரிட்டில் மாட்டவும் நினைக்காதீர்கள். வுட் ஷாஃப்ட்டின் நுனி 0.335 அங்குலம், ஹைப்ரிட்டினுடையது பெரும்பாலும் 0.370.

7-வுட் நீளமாகத் தோன்றினால் வெட்டலாம், ஆனால் கணக்கோடு. அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங்வெயிட் (வீசும்போது தலையின் கனம் எவ்வளவு தெரிகிறது என்ற அளவு) ஏறத்தாழ மூன்று புள்ளி இறங்கி, தலை லேசாகிவிட்டதுபோல் கையில் தெரியும். ஒரு புள்ளிக்குச் சுமார் 2 கிராம் என்று, தலையின் அடியில் 6 கிராம் ஈயநாடா ஒட்டினால் பழைய உணர்வு திரும்பும். வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் அரை அங்குலம் கீழே பிடித்து ஆடிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

கழுத்தில் லாஃப்ட் மாற்றும் வசதி உள்ள கிளப்பில் லாஃப்ட்டைக் கூட்டினால் முகமும் இடப்பக்கம் திரும்பி உட்காரும். குறைத்தால் வலப்பக்கம் திறக்கும். ஏற்கெனவே இடப்பக்கம் இழுப்பவர் 19 டிகிரி ஹைப்ரிட்டைத் திருகி 21 ஆக்குவது எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். அவர் 21 டிகிரி தலையையே வாங்கட்டும்.

இடைவெளிக் கணக்கு எளிது. பக்கத்துப் பக்கத்துக் கிளப்புகளுக்கு நடுவே 10 முதல் 15 யார்டு இருக்க வேண்டும். உங்கள் 5-அயர்ன் 150 யார்டு பறந்து, 5-வுட் 185 பறக்கிறது என்றால் நடுவில் 35 யார்டு காலி. அங்கே இரண்டு கிளப்புக்கு இடம் உண்டு. 162-க்கு ஒரு ஹைப்ரிட், 174-க்கு ஒரு 7-வுட் என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. 5-அயர்னும் சரியாக எழும்பவில்லையானால் அதையும் எடுத்துவிட்டு 5-ஹைப்ரிட் வைக்கலாம். ஒரே ஒரு கிளப்புக்குத்தான் இடம், ஸ்விங் வேகம் குறைவு, ஆடும் மைதானத்தில் ரஃப் ஆழமில்லை என்றால் 7-வுட்டை எடுங்கள். ரஃப் அடர்த்தி, காற்று அதிகம், பந்து வலப்பக்கம் வளைகிறது என்றால் ஹைப்ரிட்டை எடுங்கள்.